அண்ணிக்காக ஒரு ஜெபம்

மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குள் நடக்கத் தனியாகப் பழகியிருக்க வேண்டும். மொட்டை மாடியில் காயவேண்டிய துணியெல்லாம் கூடத்துக்கு இறங்கி வந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, அதில் துவைக்க வந்த கிளினிக்கின் வெள்ளை விரிப்புகள் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும். குனிந்து, ஒதுக்கி, முழங்கையால் விலக்கித்தான் சமையலறைக்குப் போக முடியும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று, நடுவே ஒரு ஈர விரிப்பை வைத்துக்கொண்டு முகம் தெரியாமலே வீட்டு விஷயம் பேசிக்கொள்வார்கள். "எங்கேயோ போன் பேசுற மாதிரி இருக்கு" என்பாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

முன்னறையில் லாண்டரிக் கடை. அதற்கடுத்த அறையில் துவைக்கும் இயந்திரமும் தேய்ப்பு மேசையும். அதற்கும் பின்னால் வீடு. லாண்டரிக்காரர் அதிகம் பேசாதவர். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கப் பழகியவர். கடையில் நின்று வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவருடைய மனைவிதான். யார் வந்தாலும் முகம் மலர்ந்து வரவேற்பாள். அதனால் தெருவில் அவளுக்குச் 'சிரிப்பம்மா' என்று பெயர். துணி இரண்டு நாள் தாமதமானாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு யாரும் சண்டை போடமாட்டார்கள்.

இந்த வீட்டுக்குத்தான் லாண்டரிக்காரரின் அக்கா வந்து சேர்ந்தாள். பெண்கள் விடுதி ஒன்றில் காலமெல்லாம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஏன் என்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் முறை கேட்டவர்கள் இல்லை. பெரிய டிரங்குப் பெட்டியோடு வாசலில் இறங்கியவள், தம்பியைப் பார்த்து, "என்னடா, இப்படி இளைச்சிருக்கே?" என்றாள். பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேள்விக்கான பதில் எதிரிலேயே நிற்பதுபோல் பார்த்தாள்.

சிரிப்பம்மா சிரித்தபடி, "வாங்க அண்ணி" என்றாள்.

"வாசல்ல தண்ணி தேங்குது. யாராவது வழுக்கி விழுந்தா அப்பவும் சிரிச்சுக்கிட்டுதான் நிப்பியா?" என்றபடி அண்ணி உள்ளே நுழைந்தாள்.

அன்று தொடங்கியது. கழுவிக் கவிழ்த்த தட்டுகளை அண்ணி மறுபடி கழுவினாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தாள். அடுப்பிலிருக்கும் பாத்திரத்தைத் திறந்து, ருசி பார்த்து, யாரையும் கேட்காமல் உப்புப் போட்டாள். மகள் குளியலறையில் பாடினால் வெளியே நின்று, "தண்ணி திறந்திருக்கு, வாயும் திறந்திருக்கு. ஏதாவது ஒண்ணை மூடு" என்றாள். மகள்தான் அவளுக்குக் 'கஞ்சி' என்று பெயர் வைத்தது. கஞ்சி போட்ட காலர்போல எந்நேரமும் விறைப்பாக இருப்பதால்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, அண்ணி கடையிலும் வந்து உட்காரத் தொடங்கியது. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது என்ன கறை?" என்றாள் அண்ணி.

"டீங்க."

"டீ இந்த நிறத்துல இருக்காது. உண்மையச் சொல்லுங்க."

அவர் திரும்பிச் சிரிப்பம்மாவைப் பார்த்தார். சிரிப்பம்மா தரையைப் பார்த்தாள்.

"மைங்க. பேனா மை."

"மூடி போடாம பையில வச்சீங்களா?"

"ஆமாங்க."

"உங்களுக்கு என்ன வயசு?"

பாவம், அந்த மனிதர் தன் வயதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சிரிப்பம்மா விசுவாசமான பெண். தேவாலயத்துக்குப் போகிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை. கேட்டதை வாழ்ந்து பார்க்க நினைக்கிறவள். பிடித்தவர்களை நேசிப்பது யாருக்கும் வரும், பிடிக்காதவர்களையும் நேசிக்கத்தானே ஆண்டவர் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அண்ணியை நேசிப்பது என்று முடிவு செய்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் தீவிரத்தோடு இறங்கினாள். அண்ணிக்குப் பல் சரியில்லை என்று, காலையில் முட்டையை அரைவேக்காட்டில் எடுத்து, மிளகு தூவி, தட்டில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். குளிக்க வெந்நீர் எடுத்து வைத்தாள். திட்டு விழுந்தால் சிரித்தாள். திட்டு எவ்வளவு பெரிதோ சிரிப்பும் அவ்வளவு பெரிது.

உள்ளே மட்டும் ஒன்றும் நகரவில்லை. அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டாலே தோள்பட்டை இறுகியது. இதைத்தான் ஒரு புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் சொன்னாள். "அவங்களை நேசிக்க என்னால முடியலை. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அந்தப் பெண்கள் நல்லவர்கள். உடனே அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வாரமும் முதல் கேள்வியே, "உங்க அண்ணி எப்படி இருக்காங்க?" என்பதுதான். சிரிப்பம்மா அந்த வாரத்துக் கதையைச் சொல்வாள். அவர்கள் அடக்கிக்கொண்டு சிரிப்பார்கள், பிறகு உச்சுக் கொட்டுவார்கள். "நீங்களா இருக்கவே தாங்குறீங்க சிஸ்டர்" என்பார்கள். அதைக் கேட்பதில் ஒரு இதம் இருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கூட்டம் ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டில் நடக்கும். அவள் வீட்டின் முறை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்க விரிப்புகள். நடுவில் இரண்டு கொடிகளை மட்டும் அவிழ்த்து, வட்டமாக நாற்காலி போட்டாள். நாலாபுறமும் வெள்ளைத் துணி தொங்க, கூடாரத்துக்குள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. பக்கத்து அறையில் துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எப்போதும்போல நூலகத்துக்குப் போயிருந்தாள்.

போகும் வழியில் மழை வலுத்ததால் அண்ணி திரும்பிவிட்டாள் என்பதும், பின்கதவு வழியாக வந்து, கடைசி வரிசை விரிப்புகளுக்குப் பின்னால் நின்று எது காய்ந்திருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் யாருக்கும் தெரியாது.

பாஸ்டரம்மாதான் ஜெபத்தை நடத்தினார். அன்பான பெண்மணி. குரல் மட்டும் பெரியது. ஒலிபெருக்கி இல்லாத காலத்துக்காகப் படைக்கப்பட்டது. இயந்திரச் சத்தத்தை மீற வேண்டுமே என்று அதையும் உயர்த்தினார்.

"ஆண்டவரே, இந்த வீட்டுக்கு வந்திருக்கிற அந்த அம்மாவை உமக்குத் தெரியும். அவங்க நாக்கு உமக்குத் தெரியும். வாடிக்கைக்காரங்களைக் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறது தெரியும். கழுவின தட்டை மறுபடி கழுவுறதும் உமக்குத் தெரியும்."

அந்த இடத்தில் இயந்திரம் தன் வேலையை முடித்துக்கொண்டு நின்றது. பாஸ்டரம்மா கண்ணை மூடியிருந்தார். குரலைக் குறைக்கத் தோன்றவில்லை.

"அந்தக் கல்மனசை நீரே கழுவும் ஆண்டவரே! ஒரு தடவை போதாது, மறுபடியும் மறுபடியும் கழுவும்! எங்க சகோதரி அந்த அம்மாவை நேசிக்கப் படுற பாட்டைப் பாரும். தினம் தினம் இந்தச் சிலுவையைச் சிரிச்ச முகத்தோட சுமக்கிறாங்களே, அவங்களுக்குப் பலன் கொடும்!"

"ஆமென்" என்றார்கள் எல்லாரும்.

"ஆமென்" என்றது, விரிப்புக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல்.

துணியை ஒதுக்கிக்கொண்டு அண்ணி வெளியே வந்தாள். தலைமுடியில் மழைத்துளி இருந்தது. கையில் நான்கைந்து காய்ந்த தலையணை உறைகள். எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எதுக்கு நிக்கிறீங்க? உக்காருங்க. டீ போட்டுக் கொண்டாரேன்" என்றாள். பிறகு பாஸ்டரம்மாவிடம், "உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று கேட்டாள். அவ்வளவு தன்மையாக அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

டீ நன்றாகவே இருந்தது. யாராலும் குடிக்க முடியவில்லை.

மறுநாள் முதல் அந்த வீட்டில் எல்லாம் சரியாக நடந்தது. அண்ணி தட்டை மறுபடி கழுவவில்லை. கதவை இழுத்துப் பார்க்கவில்லை. கடைப்பக்கமே வரவில்லை. எதைக் கொடுத்தாலும் "ரொம்ப நன்றிம்மா" என்றாள். ஒரு நாள் மதியம் சிரிப்பம்மா சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அண்ணி ஒரு வாய் குடித்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"நல்லாயிருக்கு" என்றாள் அண்ணி.

மகள் சமையலறைக்கு வந்து தாயின் காதில், "அம்மா, அத்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? பயமா இருக்கும்மா" என்றாள்.

வங்கிக்காரர்கூட அன்று சட்டையோடு வந்து, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். "அந்த அம்மா இல்லீங்களா? இல்ல, இது குழந்தை பண்ணின கறை. மறைக்காம சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

சிரிப்பம்மா இரண்டு முறை அண்ணியின் அறைவாசல் வரை போனாள். இரண்டு முறையும் அண்ணி தலை நிமிர்ந்து, "என்னம்மா வேணும்? சொல்லு" என்று கனிவாகக் கேட்டாள். அந்தக் கனிவைத் தாண்டி அவளால் உள்ளே நுழைய முடியவில்லை. எதைக் கேட்டு ஜெபித்தார்களோ அது அப்படியே கிடைத்திருந்தது. சாந்தமான அண்ணி. வீடுதான் கிளினிக்கின் காத்திருக்கும் அறைபோல ஆகிவிட்டது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, தேய்ப்பு மேசையில் லாண்டரிக்காரர் சட்டைக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் பூட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம், தலையை நிமிர்த்தாமலே, "அக்கா நாளைக்குப் போறா" என்றார்.

"எங்கே?"

"ரிட்டயர்டு டீச்சருங்களும் வார்டனுங்களும் தங்குற இல்லம் ஒண்ணு இருக்காம். அவளோட பழைய சிநேகிதி அங்கதான் இருக்கு. போன் பண்ணிப் பேசிட்டா. காலையில வண்டி வரும்."

"நீங்க வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'உன் பெண்டாட்டிக்கு நான் சிலுவை. இறக்கி வச்சா கொஞ்சம் நிமிர்ந்து நடப்பா'ன்னா."

சிரிப்பம்மாவின் கை பொத்தானில் நின்றது. "நான் கெட்டது எதுவும் பண்ணலையேங்க. அவங்களை நேசிக்கணும்னுதானே கேட்டேன்? திட்டினாலும் பதில் பேசினதில்லை. எவ்வளவு தாங்கிக்கிட்டேன்!"

"தாங்கிக்கிட்டேதான்."

"அப்புறம்?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். வழக்கமாக இவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. வார்த்தையைத் தேடி எடுக்க நேரம் பிடித்தது. "தாங்கிக்கிறவங்க முகம் எப்படி இருக்கும்னு தாங்கிக்கிறவங்களுக்குத் தெரியாது. எதிர்ல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். உன்னையும் என்னையும் ஆண்டவர் பல்லைக் கடிச்சுக்கிட்டா நேசிக்கிறாரு? அப்படின்னா எனக்கு அவர்கிட்டப் போய் நிக்கவே கூச்சமா இருக்கும்."

அவர் மறுபடி சட்டையைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். சொன்னது அதிகமோ என்று கவலைப்பட்டவர்போல ஒரே கையை இருமுறை தேய்த்தார்.

படுக்கப் போகுமுன் அவள் முழங்காலிட்டாள். தினமும் சொல்கிற வார்த்தைகள் நாக்கு வரை வந்தன. 'அவங்களை நேசிக்கக் கிருபை தாரும்' என்பது தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றுபோலத் தோன்றியது. ஒன்றும் கேட்காமல் எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை வெயில் அடித்தது. விடிந்ததும் எல்லாரும் மாடிக்கும் கூடத்துக்குமாக ஓடினார்கள். புதிதாகத் துவைத்த தலையணை உறைகளும் லாட்ஜ்களின் துண்டுகளும் மாடிக் கொடிகளுக்குப் போயின. கூடத்தில் காய்ந்துகிடந்த கிளினிக் விரிப்புகள் இறங்கின. காலையிலேயே அவற்றைக் கொடுத்தாக வேண்டும். லாண்டரிக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு, வேறு துணிகளை வேனில் ஏற்றிப் புறப்பட்டார். புறப்படும்போது அக்காவின் கையைப் பிடித்தார். "நான் வர்றதுக்குள்ள வண்டி வந்துட்டா, கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்றார்.

"வண்டிக்காரனுக்கு வேற வேலை இல்லையா? நீ போடா" என்றாள் அவள்.

கூடத்தில் இரண்டு பெண்களும் விரிப்புக் குவியலும் மட்டும் மிஞ்சின. வாசலோரம் டிரங்குப் பெட்டி தயாராக நின்றது. அண்ணி வெளியூர் போகும் புடவையில் இருந்தாள்.

"ஒத்தை ஆளா இதை மடிக்க முடியாது. முடிச்சுக் குடுத்துட்டே போறேன்" என்று ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டாள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பின்னால் சாய்ந்து, நன்றாக இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் பாதிச் சுருக்கம் போய்விடும், இஸ்திரி தேவைப்படாது. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனை சேர்த்து, கைமாற்ற வேண்டும். அண்ணி வந்த நாளிலிருந்து இந்த வேலையை அவர்கள் இருவரும்தான் செய்துவந்தார்கள். எந்தக் கசப்பிலும் இது மட்டும் பிசகியதில்லை. இழுத்தார்கள், நடந்தார்கள், கொடுத்தார்கள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க."

"ஜெபம் பண்ணினதுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? அந்தம்மா சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லையே. தட்டு, நாக்கு, எல்லாம் சரிதான்."

"அப்படி ஊரெல்லாம் சொல்லியிருக்கக்கூடாது."

"சொல்லிட்டே. நல்லாப் பிடி, தொங்குது பாரு." அடுத்த விரிப்பை இழுத்தபடி அண்ணி தொடர்ந்தாள். "போறப்ப ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்த அரைவேக்காட்டு முட்டை. எனக்கு அது ஆகவே ஆகாது. சின்ன வயசுலேர்ந்து குமட்டும்."

சிரிப்பம்மா விரிப்போடு நின்றுவிட்டாள். "தினமும் சாப்பிட்டீங்களே!"

"சாப்பிட்டேன்."

"எல்லாத்துக்கும் குத்தம் சொல்றவங்க, இதை மட்டும் ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? நீ கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோற மாதிரிக் கொண்டுவந்து வைக்கிறே. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கினேன். நீ மட்டும்தான் தாங்கிக்கிட்டேன்னு நினைச்சியா? நானும்தான் ராத்திரியில முழங்கால் வலிக்க வலிக்க மண்டிபோட்டுக் கேட்டேன். 'ஆண்டவரே, இந்தப் பொண்ணோட சிரிப்பைத் தாங்க எனக்குப் பொறுமை கொடும்'னு. ஒரே வித்தியாசம், நான் யார்கிட்டேயும் சொல்லலை."

"என் சிரிப்பையா?"

"ஆமாம். திட்டினா சிரிக்கிறே. தட்டைத் திருப்பிக் கழுவினா சிரிக்கிறே. சுவத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்கு. ஒரு தடவையாவது 'போங்க, உங்க வேலையப் பாருங்க'ன்னு சொல்லியிருக்கியா? விடுதியில இருந்த பிள்ளைங்கெல்லாம் என்னை நேருக்கு நேர் எதுத்துப் பேசும். அதுங்களுக்கு நான் மனுஷியாத் தெரிஞ்சேன். உனக்கு நான் பாஸாக வேண்டிய பரீட்சை."

சிரிப்பம்மாவின் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை. கழுத்திலிருந்து ரத்தம் ஏறியது. "உங்களுக்காக எவ்வளவு பண்ணினேன் அண்ணி! வெந்நீர், துணிமணி, மருந்து..."

"அதான் தெரியுதே. நீ பண்றது எல்லாமே தெரியிற மாதிரிதான் பண்றே."

"போதும்!" என்று கத்தினாள். அந்த வீட்டுச் சுவர்கள் அவள் கத்திக் கேட்டதில்லை. "உங்களுக்கு என்ன பண்ணினாலும் போதாது! நான் கழுவின தட்டுல என்ன அழுக்கைக் கண்டீங்க? நான் சமைச்சதுல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? என் வீட்டுல நானே திருட்டுத்தனமாச் சமைக்க வேண்டியிருக்கு! ஏன் இப்படி இருக்கீங்க?"

"பொறந்ததிலேர்ந்தே இப்படித்தான்."

"எனக்கு உங்களைப் பிடிக்கலை அண்ணி!"

இருவருக்கும் நடுவே விரிப்பு இறுக்கமாக நீண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் அண்ணி, மெதுவாக. "பரவாயில்லை. முதல் தடவையா என்னைப் பார்த்து உண்மையைச் சொல்லியிருக்கே. வா, இதை மடி. வண்டி வந்துருச்சு, சத்தம் கேக்குது."

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணி விரிப்போடு முன்னால் இரண்டடி நடந்தாள். சிரிப்பம்மா நடக்கவில்லை. பின்னால் நகர்ந்து விரிப்பை மறுபடி இழுத்துப் பிடித்தாள்.

"என்ன பண்றே? வா."

"வரமாட்டேன். நீங்க போகக்கூடாது."

"பிடிக்கலைன்னு இப்பதானே சொன்னே?"

"ஆமாம், பிடிக்கலை. ஆனா போகக்கூடாது. சூப்ல உப்பு இல்லை, ஒருத்தரும் சொல்லலை. கதவு சரியாப் பூட்டியிருக்கான்னு நானே எழுந்து போய் இழுத்துப் பார்க்கிறேன். இப்படி நல்லவங்களா நீங்க இருக்கிற வீட்டுல என்னால இருக்க முடியலை."

"விடு அதை."

"மாட்டேன்."

"அடி, பழைய துணி. கிழியும். விடு!"

"நீங்க விடுங்க!"

அண்ணி பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். சிரிப்பம்மா குதிகாலை ஊன்றிச் சாய்ந்தாள். 'டர்ர்' என்று ஒரு சத்தம். விரிப்பு நட்டநடுவில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதியோடு தடுமாறிப் பின்னால் போனார்கள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பம்மா தரையில்.

வாடிக்கையாளரின் துணி அந்தக் கடையில் கிழிந்தது அதுதான் முதல் முறை. கறை போகாமல் திரும்பியிருக்கிறது, பொத்தான் தொலைந்திருக்கிறது, கிழிந்ததில்லை. சண்டை, இல்லம், வண்டி எல்லாம் இருவருக்கும் மறந்துபோயிற்று.

"எண்ணிக்கையில ஒண்ணு குறையுமே" என்றாள் அண்ணி.

"அவருக்குத் தெரிஞ்சா..."

"அவனுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி கிளினிக் மேட்ரனுக்குத் தெரியணும். எழுந்திரு. கிழிச்சதை மறைச்சு வச்சுக் குடுக்கிற பழக்கம் நமக்கு வேணாம். மத்ததெல்லாம் அடுக்கு. வெளியில வண்டி சும்மாத்தானே நிக்குது."

அந்த வண்டியிலேயே போனார்கள். மடியில் விரிப்பு அடுக்கு, அதற்கு மேல் கிழிந்த இரண்டு பாதிகள். "ஹோமுக்குத்தானேங்க?" என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "முதல்ல கிளினிக்குப் போப்பா" என்றாள் அண்ணி. சிரிப்பம்மா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் அழைக்க வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி அண்ணியை இழுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று வாயை மூடிக்கொண்டாள். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தாள். வயதான கை ஒன்று, கிழிந்த விளிம்பிலிருந்து தொங்கும் நூலை ஒவ்வொன்றாக நீவி ஒழுங்கு செய்துகொண்டிருந்தது. அந்தக் கையை இத்தனை மாதத்தில் அவள் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் தன் பொறுமையைத்தான்.

கிளினிக்கின் மேட்ரன் இரண்டு பாதிகளையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எப்படி இது?"

"இவதான் விடாமப் பிடிச்சா" என்றாள் அண்ணி.

"இவங்கதான் இழுத்தாங்க" என்றாள் சிரிப்பம்மா.

"சரி, ரெண்டு பேரும் எதுக்கு இழுத்தீங்க?"

அண்ணி முதுகை நிமிர்த்திக்கொண்டு, விடுதியின் வரவேற்பறையில் நிற்பவள்போல் சொன்னாள்:

"அது குடும்ப விஷயம்."

மேட்ரன் சிரித்துவிட்டார். துடைக்கிற துணியாக்கிக்கொள்வதாகச் சொல்லி இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இருவரும் படியிறங்கினார்கள். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அண்ணி ஏறவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். வந்தபோது இருந்த வெயில் போயிருந்தது. மேற்கே மேகம் கருகருவென்று திரண்டிருந்தது.

"மாடியில என்ன காயுது?" என்று கேட்டாள்.

"தலையணை உறை எல்லாம். லாட்ஜ் துண்டுங்களும்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்தான்."

"அவன் வந்திருப்பானா?"

"வந்திருக்கமாட்டாரு. ரெண்டு இடம் போகணும்."

"வானத்தைப் பார்க்காம அத்தனையும் வெளியில போட்டுட்டு, இங்க வந்து மேட்ரன்கிட்டப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே. உன்னைச் சொல்லிக் குத்தமில்லை. வண்டியை எடுப்பா, சீக்கிரம்!"

"ஹோமுக்குத்தானேங்க?"

"மழை வருது, துணி நனையப்போகுது, ஹோமாம் ஹோமு! வீட்டுக்கு விடுப்பா!"

வழி நெடுக அண்ணி வாய் ஓயவில்லை. கொடியில் கிளிப் போடாததற்கு, துண்டுகளை நெருக்கிப் போட்டதற்கு, மாடிக்கதவுத் தாழ்ப்பாள் ஆடுவதற்கு. சிரிப்பம்மா இரண்டு தெரு வரை கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது தெருவில், "தாழ்ப்பாள் ஆடுறது உங்க தம்பி வேலை, அதை அவர்கிட்டச் சொல்லுங்க" என்றாள். அண்ணி திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சொல்றேன், சொல்றேன். அவனுக்கும் இருக்கு" என்றாள்.

வீட்டு வாசலில் கார் நிற்கும்போது முதல் தூறல் விழுந்தது. பெட்டியை இறக்குவதா வேண்டாமா என்று ஓட்டுநர் கேட்டது யார் காதிலும் விழவில்லை. இரண்டு பேரும் கடையைக் கடந்து, இயந்திர அறையைக் கடந்து, மாடிப்படிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், நிதானமா ஏறு, படி வழுக்கும்!"

"நீங்க கீழயே நில்லுங்க அண்ணி, முட்டி வலின்னீங்களே!"

"நீ போட்ட துணிதானே? நான் வராம யாரு எடுக்கிறது? நகரு, வழியை விடு!"